கட்டுகளை அவிழ்ப்பவர் யார்?

(தவக்காலம் ஐந்தாம் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



தவக்காலம் முடிய இன்னும் இரண்டு வாரங்களே இருக்கின்றன. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபோது நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஒறுத்தலை எடுத்திருப்போம். சிலர் அசைவத்தை விட்டிருப்பார்கள், சிலர் தொலைக்காட்சித் தொடரை விட்டிருப்பார்கள். நம் ஊர்களில் ஆண்கள் பலர் குடியை விட்டிருப்பார்கள். "தவக்காலம் முழுக்க அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார் ஃபாதர்" என்று மனைவிமார் என்னிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போக மாலை போட்டால் தொடாதவர்களும் இருக்கிறார்கள். அந்த நாற்பது நாளும் வீட்டில் சண்டை இல்லை. கூலி முழுசாக வீடு வந்து சேருகிறது. பிள்ளைகள் பயமில்லாமல் படிக்கிறார்கள்.

அந்த மனைவி வாய்விட்டுச் சொல்லாத ஒரு கேள்வி அவர் உள்ளத்தில் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு அன்று என்ன ஆகும்? ஊரெல்லாம் அல்லேலூயா பாடும்போது, "இந்தச் சந்தோசம் இன்றோடு முடிந்துவிடுமோ" என்று பயப்படும் வீடுகள் நம் பங்குகளில் இருக்கின்றன. அந்த வீடுகளை நினைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த ஐந்தாம் வாரத்தில் திருச்சபை நமக்கு இலாசரின் நற்செய்தியைத் தருகிறது. யோவான் நற்செய்தி பதினோராம் அதிகாரம். இலாசர் இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. கல்லறை வாயிலில் கல். உள்ளே துணிகளால் சுற்றிக் கட்டிய உடல். இயேசு அங்கே வந்து கண்ணீர் விடுகிறார். பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். மூன்று செயல்கள் நடக்கின்றன. முதலில் கல்லை அகற்றச் சொல்கிறார், மனிதர்கள் அகற்றுகிறார்கள். அடுத்து, உரத்த குரலில் இலாசரைப் பேர் சொல்லி வெளியே அழைக்கிறார், இறந்தவர் வருகிறார். மூன்றாவதாக, அவரை அவிழ்த்துவிட்டுப் போகவிடும்படி சுற்றி நின்றவர்களிடம் சொல்கிறார்.

இறந்தவருக்கு உயிர் கொடுத்த ஆண்டவருக்குத் துணிக்கட்டை அவிழ்ப்பது பெரிய காரியமா? ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. ஆனாலும் அந்த வேலையை அயலாரிடம் விட்டார். உயிர் கொடுப்பது கடவுளின் வேலை. கல்லைப் புரட்டுவதும் கட்டை அவிழ்ப்பதும் நம் வேலை. குடிநோயிலிருந்து மீளும் ஒரு மனிதருக்கும் இந்த மூன்றும் நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கல். இயேசு கல்லை அகற்றச் சொன்னபோது மார்த்தா தயங்கினார். நான்கு நாள் ஆகிவிட்டது, நாற்றம் வருமே என்றார். அன்பு இல்லாமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. தம்பியின் நிலையை ஊர் பார்க்கக் கூடாதே என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பு நம் வீடுகளிலும் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புகிறோம். முகத்தில் காயம் இருந்தால் "கதவு இடித்துவிட்டது" என்கிறோம். அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடக்கும் முறை வந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறோம். பெண் பார்க்க வருகிற அன்று அப்பாவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மூடி வைப்பதால் நோய் குணமாவதில்லை. உள்ளே இருப்பவருக்கு வெளிச்சமும் காற்றும் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

இந்தக் கல்லை நானும் ஒருமுறை கனமாக்கியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த பங்கில் ஒரு கொத்தனார். நல்ல வேலைக்காரர், நல்ல மனிதர், கடுமையான குடி. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அவர் மனைவி அழுதுகொண்டு வந்து நின்றதால், ஒரு சாம்பல் புதன் மாலை அவரைப் பீடத்தின் முன் நிறுத்தி, திருவிவிலியத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். நாற்பது நாளும் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதைக்கு வந்தார். உயிர்ப்பு ஞாயிறு மாலை மறுபடியும் குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் கோயில் வாசலை அவர் மிதிக்கவே இல்லை. ஒருநாள் சாலையில் பார்த்து, "என்னய்யா, கோயில் பக்கமே காணோம்?" என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "பைபிள் மேல கை வச்சுச் செஞ்ச சத்தியத்தை மீறிட்டேன் சாமி. இனி எந்த முகத்தோட உள்ள வர்றது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைக் குடியிலிருந்து விலக்க நினைத்தேன், கோயிலிலிருந்து விலக்கிவிட்டேன். அவர் நோயாளி என்பதை நான் புரிந்துகொள்ளவில்லை. சர்க்கரை நோயாளியிடம், "இனி உன் இரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று சத்தியம் செய்" என்று யாராவது கேட்போமா?

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. மூளையும் உடலும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. முதல் கிளாசை எடுக்கும் வரைதான் ஓரளவு முடிவு அவர் கையில். அதன்பின் எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை. நோய் என்று சொல்வதால் அவர் செய்த தவறெல்லாம் இல்லாமல் போகாது. அடித்தது அடித்ததுதான், அடகு வைத்தது அடகு வைத்ததுதான். அவற்றுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும், ஈடு செய்ய வேண்டும். ஆனால் திட்டினால் தீரும், சத்தியம் வாங்கினால் தீரும், கால்கட்டுப் போட்டால் தீரும் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். முதலாவது: பல வருடமாக தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கி, வலிப்பு வரலாம். இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியலாம். நேரம் இடம் தெரியாமல் குழம்பலாம். முதல் நான்கைந்து நாட்கள் மிகக் கவனம் வேண்டும். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு அங்கே சிகிச்சை உண்டு. இரண்டாவது: "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விற்கிற பொடியையும் மாத்திரையையும் தொடாதீர்கள். டைசல்ஃபிராம் என்றொரு மாத்திரை இருக்கிறது. மருத்துவர் சொல்லி, நோயாளி சம்மதித்து, தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் குடித்தால், கடும் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும், இரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். அன்பினால் செய்தது கொலையாக முடிந்துவிடக் கூடாது.

சரி, மருத்துவமனையில் பத்து நாள், இருபது நாள் இருந்து உடல் தேறி வீடு வருகிறார். அதற்குப் பிறகு? அதே தெரு, அதே நண்பர்கள், அதே சனிக்கிழமைக் கூலி, அதே டாஸ்மாக் கடை. தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டவரும் இங்கேதான் வந்து நிற்கிறார். அவரால் நிறுத்த முடியும் என்பது தெரிந்துவிட்டது. ஒருமுறை அல்ல, பலமுறை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியபடியே இருப்பதுதான் தனி ஆளாக அவரால் முடியவில்லை.

இதைத் தம் வாழ்வில் கண்டுகொண்ட இருவரின் கதையைச் சொல்கிறேன். 1935 ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து ஒரு தொழில் விசயமாக வந்த பில் வில்சன் என்பவர் ஒரு ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். வந்த காரியம் தோல்வி. கையில் பணமும் இல்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி; பக்கத்தில் ஊர்க் கோயில்களின் பெயர்ப் பட்டியல். அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு போதகரை அழைத்து, "நான் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும்" என்ற பொருளில் கேட்டார். எனக்கு அறிவுரை சொல்ல யாராவது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னைப் போன்ற இன்னொருவரோடு பேசினால்தான் அன்று தான் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படி ஒருவர் மூலம் ஒருவராகப் போய், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அவரும் கடும் குடிநோயாளி. பதினைந்து நிமிடம்தான் பேசுவேன் என்று சொல்லி வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். தம் துன்பத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் பேசுவதை அவர் அன்றுதான் கேட்டார். அந்த இருவரிடமிருந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. என்று நாம் சுருக்கமாகச் சொல்கிற 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', பெயர் வெளியிடாத குடிநோயாளிகளின் தோழமை. நம் நாட்டில் 1957 இல் மும்பையில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் நகரங்களிலும் பல சிற்றூர்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

"இது வேறு மதக் காரியமா ஃபாதர்? நாம் போகலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். அது எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், கடவுள் நம்பிக்கையில் தடுமாறுகிறவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நம் திருச்சபையின் கைகளும் தொடக்கம் முதலே அதோடு இணைந்திருந்தன. அதே அக்ரன் நகரின் புனித தோமா மருத்துவமனையில் இக்னேஷியா என்ற அருட்சகோதரி, நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தார். குடிநோயாளிகளைப் பெரும்பாலான மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. 1939 இல் வயிற்று நோய் என்று பதிவு செய்து ஒருவருக்கு இடம் கொடுத்தார். தொடர்ந்து டாக்டர் பாப்புடன் சேர்ந்து ஏறக்குறைய 5,000 பேருக்குப் பணி செய்தார். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திருஇதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க வேண்டும் என்று தோன்றினால், குடிக்கும் முன் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எத்தனை ஞானம் பாருங்கள்! நான் வாங்கிய சத்தியம் அந்த மனிதரை வெட்கப்பட்டு ஓட வைத்தது. அந்தச் சகோதரியின் பதக்கம், தடுமாறும் நேரத்தில் ஓடி வர ஒரு வாசலைத் திறந்து வைத்தது. எட்வர்ட் டவ்லிங் என்ற இயேசு சபைக் குரு ஒருவரும் ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளைப் பார்த்து, எங்கள் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளோடு இவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று வியந்து, 1940 முதல் பில்லுக்கு ஆன்ம நண்பராக இருந்தார்.

அந்தப் பன்னிரண்டு படிகளின் சாரம் நமக்குப் புதியதல்ல. என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, என்னைவிடப் பெரிய ஆற்றல் ஒன்று என்னைக் காக்க முடியும் என்று நம்புவது, என்னைக் கடவுளிடம் கையளிப்பது, மனச்சோதனை செய்து, கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்வது, தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது, இறைவேண்டல், பெற்றதை இன்னொருவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு இது மாற்று அல்ல. பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்கள் இந்தப் படிகளின் வழியாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கொத்தனாரிடம் வருவோம். எங்கள் பங்கில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். குடியை விட்டுப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. எனக்கே அதுவரை தெரியாது. அவர் வந்து, "சாமி, நீங்க அவருக்கு புத்தி சொன்னீங்க, போதும். நான் அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். புதன்கிழமை மாலை ஆறரைக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். முதல் முறை வாசல் கேட் வரை போன கொத்தனார் திரும்பிவிட்டார். "தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டா?" என்ற பயம். அடுத்த புதன் நானும் உடன் போனேன். அது வெளியாரும் வரக்கூடிய கூட்டம்.

நாலாம் வகுப்பு அறை. கரும்பலகையில் காலையில் போட்ட கழித்தல் கணக்கு அழிக்காமல் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்கப் பதினைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கல்லூரி முடித்த பையன் ஒருவன். அமைதிக்கான சிறு செபத்தோடு தொடங்கினார்கள். ஒருவர் எழுந்து தம் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லாரும் சேர்ந்து அவருக்கு வணக்கம் சொன்னார்கள். மகளின் காதுத் தோட்டை விற்றுக் குடித்ததை அவர் சொன்னார். ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை, இடையில் பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அடுத்தவர் எழுந்து தம் கதையைச் சொன்னார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. டீயும் பிஸ்கட்டும் வந்தது. ஒரு பை சுற்றி வந்தது. முடிந்தவர் போட்டார், முடியாதவர் போடவில்லை. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, முகவரி கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே சேருவதற்குத் தகுதி.

கொத்தனார் அன்று வாய் திறக்கவே இல்லை. பேருந்தில் திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அங்க யாருமே என்னைத் திட்டல சாமி." பல வருடமாக அவர் போன எல்லா இடத்திலும் அவருக்குத் திட்டுத்தான் கிடைத்திருக்கிறது. கோயிலிலும்.

அன்பார்ந்தவர்களே, இலாசரின் கட்டை அவிழ்ப்பது என்பது இதுதான். கட்டுண்டவர் கையால் தன் கட்டைத் தானே அவிழ்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் விரல்கள் வேண்டும்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர், போதை மறுவாழ்வு மையங்களின் ஆற்றுப்படுத்துநர் ஆகியோருக்குப் பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று பெரும்பாலும் தெரியும், கேளுங்கள். போதை மீட்புக்கென்று மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. அதை அழைத்துச் சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். ஏ.ஏ. தோழமைக்கே உதவித் தொலைபேசிகளும் இணையத்தில் கூட்டப் பட்டியலும் இருக்கின்றன; உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் தேடித் தருவார்கள். அழைத்தால் எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் தாமே குடியிலிருந்து மீண்டவராக இருப்பார். அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? எந்தக் கட்டடத்தில், எந்த அறையில்? தமிழில்தான் நடக்கிறதா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் நடக்கும் கூட்டம் என்றால் தேர்வு நாட்களிலும் விடுமுறையிலும் இடம் மாறலாம். கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் நாள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் நாள் கிளம்பமாட்டார்.

முதல் முறை தனியாக அனுப்பாதீர்கள். ஏற்கனவே போகிறவர் ஒருவர் வந்து அழைத்துப் போக முடியுமா என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். ஒரு குழு மனதுக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொரு குழுவுக்குப் போகலாம். ஒரு கூட்டத்தோடு முடிவு செய்துவிட வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று சொல்வதுண்டு. கிராமத்தில் அது முடியாது. வாரம் ஒரு கூட்டம், இடையில் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி வழியாக நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன. குடிநோயால் துன்பப்படும் பெண்களும் நம் நடுவே உண்டு. அவர்களின் வெட்கம் இன்னும் பெரிது. அவர்கள் தயங்காமல், பேசுவதற்குப் பெண் உறுப்பினர் ஒருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கலாம்.

மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர் கூட்டத்துக்குப் போகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற குழுக்கள் 1951 முதல் இருக்கின்றன. பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். வளர்இளம் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற குழுவும் உண்டு. அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல. உங்கள் சமையலோ, உங்கள் பேச்சோ அதற்குக் காரணம் அல்ல. அவரைக் குணமாக்குவதும் உங்களால் முடிகிற காரியமல்ல. பாட்டிலை ஒளிப்பது, பையைத் துழாவுவது, அவருக்காகப் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று தேய்ந்துபோன உங்களுக்கும் குணம் தேவை. அடி உதை இருக்கும் வீட்டில் "சிலுவை" என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் பூட்டிக் கிடக்கும் நம் பள்ளி அறைகளில் ஒன்றை வாரம் ஒருமுறை இவர்களுக்குத் திறந்துவிட முடியாதா? அவர்கள் வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. நாம் இலவசம் என்றாலும் சிறு வாடகை தரவே விரும்புவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அது அவர்களின் மானம். அறிவிப்புப் பலகையில் கிழமையும் நேரமும் எழுதி வையுங்கள். யார் வருகிறார்கள் என்று எட்டிப்பார்க்காதீர்கள். அங்கே பார்த்த முகத்தை டீக்கடையில் பேசாதீர்கள். குருக்களும் இந்த நோய்க்கு விலக்கல்ல. குடிநோயுள்ள குரு, ஆயரின் அனுமதியோடு, முழுதும் புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தத் திருச்சபை வழி செய்திருக்கிறது. பீடத்திலேயே இந்த நோயாளிக்கு இடம் உண்டு என்றால், கோயில் வளாகத்தில் இடம் இல்லாமல் போகுமா?

கடைசியாக, விழுந்தவர்களுக்கு. கொத்தனார் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகும் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் ஆட்டோ அண்ணன் போய்க் கூட்டி வந்தார். ஏ.ஏ.யின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. பில்லைச் சந்தித்த சில வாரங்களில் டாக்டர் பாப் ஒரு மாநாட்டுக்குப் போய் மறுபடியும் குடித்துவிட்டார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. விழுந்தவர் எழுந்த நாள் அது. டப்ளினில் கூலி வேலை செய்த வணக்கத்துக்குரிய மாட் டால்பட், 1884 இல் தம் 28 ஆம் வயதில் குடியை விட்டபோது, முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான் வாக்குக் கொடுத்தார். பிறகு 41 ஆண்டு, சாகும் வரை தொடவில்லை. வாழ்நாள் முழுவதையும் ஒரே நாளில் தூக்கச் சொல்லி ஆண்டவர் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் போதும். நாளைக்கு மன்னா நாளைக்கு விழும்.

எனவே, இந்தத் தவக்காலத்தில் குடியைத் தொடாமல் இருக்கும் சகோதரரே, உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் வரும் முதல் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு மாலை யாரோடு இருப்பீர்கள் என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். மற்றவர்கள், உங்கள் அன்பியத்தில் இப்படி ஒருவர் இருந்தால், திட்டாமல், சத்தியம் வாங்காமல், "நானும் கூட வர்றேன், போவோமா?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தக் கொத்தனாருக்கு இப்போது குடியை விட்டு ஒன்பது ஆண்டு. அந்தப் பங்குப் பள்ளியிலேயே இப்போது வாரக் கூட்டம் நடக்கிறது. அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. புதிதாக யாராவது கேட் வரை வந்து தயங்கி நிற்கலாம் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நின்றுகொள்வார்.

செபிப்போம். ஆண்டவரே இயேசுவே, இலாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்டவரே, குடிநோயால் கட்டுண்ட எங்கள் சகோதர சகோதரிகளைப் பேர் சொல்லி அழையும். அவர்களை மூடியிருக்கும் வெட்கத்தின் கல்லைப் புரட்ட எங்களுக்குத் துணிவு தாரும். அவர்களின் கட்டுகளை அவிழ்க்கப் பொறுமையுள்ள கைகளைத் தாரும். காத்திருந்து களைத்துப்போன குடும்பங்களைத் தேற்றும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களை ஆசீர்வதிப்பாராக.